இரண்டாவது சரணத்துக்கு முன்

ஜெயசுதாவுக்கு ஆகிபைப் பிடிக்காது என்றில்லை. அவன் கிட்டாரைத்தான் பிடிக்காது.

செல்லமுத்துவின் மெல்லிசைக் குழுவில் அவள் பன்னிரண்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். செல்லமுத்துவுக்கு அரியலூரில் ரேடியோ ரிப்பேர் கடை. கீபோர்டும் அவர்தான் வாசிப்பார், கச்சேரி பிடிப்பதும் அவர்தான். டிரம்ஸுக்கு அமாவாசை. கிட்டாருக்கு வந்துபோனவர்கள் நிறையப் பேர். 2001இல் ஆகிப் வந்து சேர்ந்தான். முப்பத்தொரு வயது. லெப்பைக்குடிகாட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். சாந்தமான ஆள். பெட்டி தூக்கினால் ஒரு கை பிடிப்பான், வேனில் அவளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுவிடுவான். ஆனால் கிட்டாரைத் தோளில் மாட்டியதும் விரல்கள் வேறு யாருடையவையோ ஆகிவிடும். கண் தொடர முடியாத வேகம். ஒரு சுரம் காதில் விழுவதற்குள் அடுத்த பத்து வந்து அதன்மேல் ஏறிவிடும்.

குத்துப் பாட்டுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. பையன்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். வம்பு வந்தது அவளுடைய பாட்டில்.

பிள்ளையைத் தொலைத்த தாய் பாடுவதாக வரும் பழைய சினிமாப் பாட்டு அது. எந்த ஊருக்குப் போனாலும் அவளிடம் அதைக் கேட்டுச் சீட்டு வந்துவிடும். முதல் சரணம் முடிந்து இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு இடையிசை உண்டு. இசைத்தட்டில் புல்லாங்குழல். குழுவில் குழல்காரர் இல்லாததால் செல்லமுத்து அதைக் கிட்டாருக்குக் கொடுத்திருந்தார். முந்தைய ஆட்கள் அதை இருக்கிறபடி வாசித்தார்கள். ஆகிப் அந்த இடத்தில் மழை கொட்டுவதுபோலக் கொட்டினான். முதல் சரணத்தில் அவள் கஷ்டப்பட்டுக் கனக்க வைத்த சனத்தின் மனசு அந்த அரை நிமிஷத்தில் காற்றில் பறந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். இரண்டாவது சரணத்தை மறுபடி அடியிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். தூக்குவதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

அந்த வருஷம் அவளுக்கு எதற்குமே தெம்பு இல்லை. ரெட்டிபாளையத்தில் வீடு. புருஷன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். முதுகுத்தண்டு விட்டுப்போய் எட்டு மாசமாகப் படுக்கையில் இருந்தார். காலையில் அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்க ஓடுவாள். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கையோடு கச்சேரி இருந்தால் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

"அந்த எடத்துல அவன வாசிக்க வேணாம்னு சொல்லுங்க சார்," என்று ஒருநாள் செல்லமுத்துவிடம் சொன்னாள். "தையல் மெஷின் ஓட்டுற மாதிரி இருக்கு. புள்ளையத் தொலைச்சவ பாட்டுல தையல் மெஷினுக்கு என்ன வேலை?"

செல்லமுத்து பழைய டேப்ரிக்கார்டர் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உன் பாட்டுக்கு அழுவுறாங்க. அவன் வாசிப்புக்கு விசிலடிக்கிறாங்க. எனக்கு ரெண்டும் வேணும்ல ஜெயசுதா."

"அழுவுற எடத்துல விசில் வரக் கூடாதுல்ல."

"அத நீயே அவங்கிட்ட சொல்லு. நான் சொன்னா பொட்டியக் கட்டிட்டுப் போயிருவான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு முத்தாயியைப் புருஷனுக்குத் துணை வைத்துவிட்டு, அவள் கிளம்பிப் போனாள். அரியலூருக்கு ஒரு பஸ், பெரம்பலூருக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. லெப்பைக்குடிகாட்டில் இறங்கியபோது மணி பதினொன்று. பூத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடைத்தெருவில் கூட்டம் நின்ற ஒரே இடம் அதுதான். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்றாலும் அன்றைக்கு லைன் கிடைப்பதில்லை, அதனால் மற்ற நாளிலும் ஜனம் வருகிறது என்று ஆகிப் சொல்லி அவளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டான்.

"ஒக்காருங்கக்கா. இந்தக் கூட்டம் போவட்டும், பேசுவோம்."

கண்ணாடிக் கதவு சரியாக மூடாத பூத். உள்ளே பேசுவது வெளியே முழுசாகக் கேட்டது. துப்பட்டி போர்த்திய ஒரு பெண் உள்ளே போனாள். அவள் பெயர் ஃபஹ்மிதா என்று ஆகிப் நம்பர் எழுதும்போது சொன்னதில் தெரிந்தது. ரியாத்தில் இருக்கும் புருஷனுக்குப் போட்டாள். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன.

"மச்சான் நாந்தான் நல்லாருக்கேன் சின்னவனுக்குக் காய்ச்சல் இப்ப இல்ல ஊசி போட்டாச்சு ஓடு மாத்தியாச்சு ஒங்க தங்கச்சிய பாக்க வர்றாங்களாம் திங்கக்கெழம நீங்க பேசணும்ங்கிறாங்க மாமி மாமி நல்லாருக்காங்க காலு வீக்கம் இருக்கு எப்ப வர்றீங்க சொல்லுங்க மொதல்ல நோம்புக்கு வருவீங்களா இல்லையா இல்ல இல்ல நான் அழுவல சளி பிடிச்சிருக்கு பெரியவ ஒங்கள மாதிரியே கையெழுத்துப் போடுறா வச்சிரட்டுமா வச்சிரட்டுமா சாப்பிடுங்க நேரத்துக்கு."

எங்கேயும் மூச்சு விடவில்லை. ரிசீவரை வைத்தாள், காசைக் கொடுத்தாள், துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். ஜெயசுதா அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் குறைந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஆகிப் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை.

"வேகமா வாசிச்சா மனசுல தங்காதுங்கிறீங்க."

"தங்காது தம்பி. ஒனக்குக் கை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு துக்கம்னா அது நின்னு நின்னுதான் வரும். ஓடி வராது."

"அப்படியாக்கா? நாளு பூரா இங்க ஒக்காந்திருக்கேன். மெதுவாப் பேசுற ஆளு ஒருத்தரும் இங்க வந்ததில்ல."

"அது பேச்சு. அதுல வார்த்த இருக்கு. ஒங் கிட்டாருல என்ன வார்த்த இருக்கு?"

அவன் சிரித்தான். "தெரியலக்கா. ஒங்க எடம் அது. கொறைச்சுக்கிறேன்."

டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டான். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. மூன்று பஸ் மாறி வந்து சண்டை போடத் தயாராக இருந்தவளுக்கு, திரும்பும்போது ஏனோ உடம்பு இன்னும் கனத்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால், குழல் வாசித்ததை அப்படியே எடுத்து எட்டு சுரம் வாசித்தான். ஒவ்வொன்றையும் நிறுத்தி, அசைத்து, அடங்கவிட்டான். அவள் கேட்டது அதுதான். ஆனால் மைக்கின் முன்னால் நின்று கேட்டபோது, வெறும் வீட்டில் குழாய் சொட்டுவதுபோல இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. கீழே ஜனம் பீடா மென்றுகொண்டிருந்தது. அவள் இரண்டாவது சரணத்தைப் பாடினாள், வழக்கம்போல ஓரிருவர் கண்ணைத் துடைத்தார்கள்.

"இப்ப சரிதானேக்கா?" என்று அவன் கேட்டான்.

"சரிதான்," என்றாள்.

இரண்டு மாசம் அப்படியே போயிற்று. புரட்டாசியில் ஆகிபின் தகப்பனார் ஹபிபுல்லா இறந்துபோனார். தம்மாமில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செல்லமுத்துவும் ஜெயசுதாவும் துக்கம் கேட்கப் போனார்கள். ஆகிபின் தாயார் ஷரீபா உள்ளறையில் பெண்களோடு இருந்தார். ஆகிப் வாசல் அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். சேதி எப்படி வந்தது என்று செல்லமுத்து கேட்டார்.

"பூத்துக்குத்தான் வந்துச்சு சார். அங்கேருந்து ஒருத்தர் பேசினார். ஹபிபுல்லா வூட்டு ஆள யாரையாவது கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்றேன்னார். இந்த மாதிரி சொல்லி எத்தன வூட்டுக்கு நான் ஆளக் கூப்பிடப் போயிருக்கேன். என்ன சேதின்னு எனக்குத் தெரியாதா. நாந்தாங்க அவர் மகன், சொல்லுங்கன்னேன். அத்தா மௌத்தாயிட்டாங்கன்னு சொன்னார். உடம்ப அனுப்பணும்னா நாளாவும், இங்கயே அடக்கம் பண்ணிரலாமா, இப்பவே சொல்லுங்கன்னார். பண்ணிருங்கன்னேன். ரெண்டு நிமிஷம்கூட ஆவல சார்."

சுவரோரம் ஹபிபுல்லாவின் காலாவதியான மூன்று பழைய பாஸ்போர்ட்டுகள் மூலை வெட்டப்பட்டுக் கிடந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எறங்கின தேதி, ஏறின தேதி எல்லாம் முத்திரை இருக்குல்ல. கூட்டிப் பாத்தேன். தம்மாம் போனதுலேருந்து அத்தா எங்கூட இருந்தது நாலு வருஷம் வரல."

"நீ வாசிச்சுக் கேட்டிருக்காரா?" ஜெயசுதா ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"கிட்டாரே அவங்க வாங்கிட்டு வந்ததுதான். லீவுல வந்தப்ப எனக்கு வாசிக்கத் தெரியாது. அப்புறம் ஒரு தடவ ஃபோன்ல வாசிச்சுக் காமிச்சேன். ரோடு போடுற சத்தமாட்டம் இருக்குன்னாங்க."

லேசாகச் சிரித்தான். செல்லமுத்துவும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

ஒன்றரை மாசம் அவன் வரவில்லை. கிட்டார் இல்லாமலே இரண்டு கச்சேரி போயிற்று. ஐப்பசியில் பூலாம்பாடியில் ஒரு காதுகுத்து. வயல்காரர்கள், நல்ல கூட்டம். காலை பத்து மணிக்கு வேன் போய் நின்றபோது அவன் முன்னாலேயே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி. அமாவாசை அவன் தோளைத் தட்டிவிட்டு டிரம்ஸைக் கட்டப் போனான்.

ஜெயசுதாவுக்கு அன்று மனசு முழுவதும் வேறு இடத்தில் இருந்தது. மறுநாள் புருஷனுக்குத் திருச்சியில் ஸ்கேன். கார் வைக்க வேண்டும். படுக்க வைத்தபடி ஏற்ற ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னாளே தவிர, சமைக்க மாற்று ஆள் கிடைக்கவில்லை. சத்துணவு அமைப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பந்தலில் தகரக் கூரை. பதினோரு மணிக்கே அனல் இறங்கியது. சீட்டு வந்தது. அவளுடைய பாட்டுதான்.

முதல் சரணத்தைப் பாடினாள். குரல் தானாகப் போகும். எங்கே தழுதழுக்க வேண்டும், எங்கே மூச்சை உடைக்க வேண்டும் என்பதெல்லாம் பன்னிரண்டு வருஷத்தில் தொண்டைக்குப் படிந்துபோனது. 'மகனே' என்று இழுத்து நிறுத்தும் இடத்தில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். அந்த நேரம் அவள் நினைத்துக்கொண்டிருந்தது காரின் பின்சீட்டைப் பற்றி. அதில் ஆறடி ஆளைப் படுக்க வைக்க முடியுமா, காலை மடக்கினால் வலிக்குமே என்று.

சரணம் முடிந்தது. ஆகிப் வாசிக்க ஆரம்பித்தான்.

எட்டு சுரம் வரும் என்று அவள் எண்ணத் தயாராக இருந்தாள். வரவில்லை. பழைய வேகம் வந்தது. இல்லை, பழையதைவிட வேகம். முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. திரும்பி முறைக்கலாமென்று பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்காக உடம்பை வளைப்பது, கிட்டாரை உயர்த்துவது ஒன்றும் இல்லை. குனிந்து நின்று, ஒரு வேலையைச் செய்பவன்போல வாசித்தான். சொல்ல நினைத்தது முழுவதையும் இந்த அரை நிமிஷத்துக்குள் திணித்துவிட வேண்டும், நிறுத்தினால் தொடர முடியாது என்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனான். ஒரு சுரத்தைக்கூட அவன் அசைக்கவில்லை, அழவைக்கவில்லை. எதற்கும் அழ நேரம் கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. முடிய வேண்டிய இடம் வந்தது. முடிக்கவில்லை. அமாவாசை ஒரு கணம் தடுமாறி, தாளத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தான். செல்லமுத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜெயசுதாவின் மனசிலிருந்து கார் போயிற்று, ஸ்கேன் போயிற்று. அவன் அத்தா போய் இருந்த இருபத்துநாலு வருஷம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவளுடைய அரியமுத்து ஒரு வருஷமாகக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதும், இத்தனை நாளில் ஒருநாள்கூட அவர் பக்கத்தில் சும்மா உட்காராமல், துடைத்து, ஊட்டி, ஓடி ஓடி வந்துகொண்டிருப்பதும் நினைவுக்கு வந்தன. தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டுக்காக அடைக்கும் அடைப்பு அல்ல. பாட முடியாமல் அடைக்கும் அடைப்பு.

இரண்டாவது சுற்றின் பாதியில் அவன் நிறுத்தினான். எங்கும் கொண்டுபோய் இறக்கி வைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டான். நாற்காலிகளின் கடைசி வரிசையிலிருந்து விசில் பறந்தது. "செம ஸ்பீடுடா," என்று யாரோ சொன்னார்கள்.

அவள் பாட வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. செல்லமுத்து அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, மறுபடி சுருதியைக் கொடுத்தார். அவள் தண்ணீர் குடிப்பதுபோலத் திரும்பி நின்று, பிறகு வந்து இரண்டாவது சரணத்தைப் பாடினாள். மோசமாகப் பாடினாள். தழுதழுக்க வேண்டிய இடங்களில் குரல் தட்டையாக வந்தது, இரண்டு இடத்தில் சுருதி விலகியது. அவளுக்கே கேட்டது.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு வயசான அம்மாள் அவளைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பச்சையம்மாள் என்று பெயர் சொன்னார். காது குத்தின பிள்ளைக்குப் பெரியம்மா முறையாம்.

"எம் மவன் திருப்பூருக்குப் போயி ஏழு வருசம் ஆச்சுத்தா. ஒரு காயிதம் இல்ல. நீ மகனேன்னு கூப்புட்ட பாரு, எம் ஈரக்கொலையவே அறுத்துருச்சு. ஒனக்கு எவ்வளவு மனசு இருந்தா அப்படிப் பாட வரும்."

அந்தச் சொல்லைப் பாடும்போது காரின் பின்சீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? மனசு இருந்தது எனக்கில்லை, அதோ அந்தப் பந்தலோரம் இலையின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைகிறானே அவனுக்கு என்று எப்படிக் காட்டுவது? காட்டினால்தான் நம்புவாரா? அந்த அம்மாளின் அழுகை பொய்யில்லை. அது அவள் குரலிலிருந்துதான் எழுந்தது. அதுவும் பொய்யில்லை. அதற்குமேல் யோசிக்க அவளுக்குச் சக்தி இல்லை.

"வந்துருவான்மா," என்றாள். "சாப்பிட்டீங்களா?"

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. ஆகிப் பெரம்பலூரில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஜன்னலோரம் அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடது கையை வலது கையால் அமுக்கி விட்டுக்கொண்டே வந்தான். ஒன்றரை மாசம் வாசிக்காத விரல். நுனிகள் சிவந்திருந்தன.

"கொறைச்சுக்கிறேன்னு சொன்ன," என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை.

"ஆமாக்கா. மறந்துட்டேன்."

"அத்தாவ நெனச்சுட்டியா?"

அவன் யோசித்தான். "இல்லக்கா. ஒண்ணுமே நெனைக்கல. அப்படி வாசிக்கிறப்ப எதையும் நெனைக்க முடியாது, வெரலு தப்பிரும். நிறுத்தினாத்தான் நெனப்பு வரும். அதான் நிறுத்த முடியல."

அவள் தலையாட்டினாள். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்து, சொன்னாள்.

"நான் பாடுறப்ப எங்க வூட்டுக்காரர எப்படிக் காருல படுக்க வைக்கிறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ வாசிச்சப்பத்தான் அவர நெனச்சேன்."

ஆகிப் அவளைத் திரும்பிப் பார்த்தான். பாராட்டு என்று அவன் எடுத்துக்கொண்டானா என்பது தெரியவில்லை.

"காரு வேணாங்கக்கா," என்றான். "பெரம்பலூர்ல எங்க மச்சான் ஒருத்தர் ஆம்னி வேன் வச்சிருக்கார். பின்சீட்டு கழட்டிட்டு மெத்தை போட்டுரலாம். காலைல ஆறு மணிக்கு நானும் கூட வரேன். தூக்க ஆளு வேணும்ல."

சொன்னபடியே வந்தான். ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய நல்ல சேதி எதுவும் இல்லை. ஆபரேஷன் வேண்டாம், மெல்ல மெல்லத்தான் எழுந்து உட்காருவார் என்றார் டாக்டர். மெல்ல மெல்லத்தான் உட்கார்ந்தார்.

அதன்பிறகு அந்த இடையிசையைப் பற்றி ஜெயசுதா யாரிடமும் பேச்செடுக்கவில்லை. ஆகிப் சில நாள் எட்டு சுரம் வாசிப்பான், சில நாள் கொட்டுவான். கொட்டுகிற நாளெல்லாம் அவளுக்குள் எதுவும் நடந்துவிடவில்லை. பெரும்பாலும் அது வெறும் வேகமாகவே இருந்தது. அவளுடைய தழுதழுப்பும் பெரும்பாலும் வெறும் தழுதழுப்பாகவே இருந்தது. இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தார்கள். எந்த நாள் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

2004இல் தம்மாமிலிருந்து அவனுக்கு விசா வந்தது. அத்தா வேலை பார்த்த அதே கடை. பூத்தில் அப்போது கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. போவதற்கு முன்னால் ரெட்டிபாளையத்துக்கு வந்து அரியமுத்துவிடம் சொல்லிக்கொண்டான். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிட்டாரை எடுத்துப் போகிறாயா என்று அவர் கேட்டதற்கு, "வெயிட்டு ஜாஸ்திங்க, அனுமதிக்க மாட்டாங்க," என்றான்.

அவனுக்குப் பிறகு அந்த இடத்தைச் செல்லமுத்து கீபோர்டில் குழல் சத்தத்தை வைத்து வாசித்தார். இசைத்தட்டில் இருப்பதுபோலவே இருந்தது, ஜனத்துக்கும் பிடித்திருந்தது. ஜெயசுதா மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய் நிற்பாள், முடிந்ததும் முன்னால் வந்து பாடுவாள்.